பூ விரியாத நாளில் பறித்த கீரை

...சம்பந்தி வூட்டுக்காரி முகூர்த்தப் புடவைய மோந்து பாத்தாளாம்மா! ஆரணிக்கே வந்து பட்ட மோந்து பாக்குறா! அத்த வுடுங்க. இந்த மொறத்தப் பாருங்க, உங்க வூட்டு வேலி ஓரம் பறிச்சது, எவ்ளோ பருப்புக்கீர! யாரும் வெதைக்கல, தானா வருது. இத்தப் பாத்தாலே எனக்கு வாயெல்லாம் பல்லு.

சாயத்தண்ணி ஓடற காவா ஓரம் மட்டும் பறிக்காதீங்க. அப்புறம் மஞ்சப் பூ இருக்குதான்னு பாருங்க. இதுகூடவே சாரணைன்னு ஒண்ணு படர்ந்துகினு இருக்கும். அதுக்குப் பூ வெளுப்பு. ஜோடி எலையில ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. அது முழுகாம இருக்கறவங்களுக்கு ஆவாதும்பாங்க.

எமர்ஜென்சி சமயத்துல ஒரு ஐப்பசி, பத்து நாளு அடமழ. தறிக்குழில தண்ணி ஊறிப்போச்சு, தெருவுல பாவு நூல நீட்ட முடியல. நெசவுக்காரன் வூட்ல தறி நின்னா அடுப்பும் நின்னுபோவும். கீர மட்டும் தளதளன்னு கெடந்துது. என் ஓரகத்திக்கு அப்போ நாலு மாசம். "அக்கா, புளி வுட்டு கீர கடஞ்சு குடுக்கா, நாக்கு செத்துப்போச்சு"ன்னா. கோணியத் தலைல போட்டுகினு ஜல்தியா போயி ஒரு மடி பறிச்சாந்தேன்.

வெயில் பட்டாத்தாம்மா அந்தப் பூ விரியும். மழையில ஒரு பூவும் இல்ல. கழுவும்போது ரெண்டு மூணு தண்டுல எலை பெருசும் சிறுசுமா தெரிஞ்சுது. நான் பொறுக்கறதப் பாத்துட்டு மாமியாரு கத்துது: "இன்னாடி ஒண்ணொண்ணா எண்ணிகினு கீற, பட்டு எழையா அது?" அப்படியே சட்டியில போட்டுட்டேன்.

அவதான் ரெண்டு தபா வாங்கித் தின்னா. மூணாம் நாளு கலஞ்சுபோச்சு. "கீரையால இல்லம்மா, ஒடம்புல ரத்தமே இல்ல"ன்னு நர்சம்மா சொன்னாங்க. எனக்கு மனசு ஆறல. அவ ஒரு வார்த்த திட்டியிருந்தா தேவல. திட்டல. என் கையால கீர மட்டும் அப்புறம் தின்னதே இல்ல. "வேணாங்கா, வயிறு நெறஞ்சுபோச்சு"ம்பா. வயிறு நெறஞ்ச வூடா அது? அதுக்கப்புறம் அவளுக்கு ஒண்ணும் தங்கவும் இல்ல.

பத்து வருஷத்துக்கும் மேல ஆச்சு. இன்னிக்கு காலைல மழ வுட்டதும் அவளே வந்து, "அக்கா, கீர கடையேன்"ன்னா. நல்லா வெயில் ஏறற வரைக்கும் காத்துகினு இருந்து பறிச்சேன். பூ இல்லாத தண்டெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். இருந்தாலும் இன்னொரு தபா பாத்துடறேன், நீங்களும் ஒரு கண்ணு...

ஐயோ, என் அடுப்புல பருப்பு பொங்குது! இந்த மொறத்தக் கொஞ்சம் புடிங்கம்மா.