ஆஸ்பத்திரியிலை வேலை

எங்கள் ஆட்களிடம் நான் பொய் சொன்னதில்லை. ‘ஆஸ்பத்திரியிலை வேலை’ என்றுதான் சொன்னேன். ஜெர்மனியில் எசன் நகருக்கு வந்த புதிதில் ஒரு கலியாண வீட்டில் யாரோ, ‘நேர்சோ?’ என்று கேட்டார்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில், மூன்றாம் மாடி அறைகளையும் கழிவறைகளையும் துப்புரவு செய்வதுதான் என் வேலை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் என்ன மருந்து கொடுக்கலாம் என்று எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள். ‘டொக்டரிட்டைக் காட்டுங்கோ’ என்பேன். அதையும் என் அடக்கம் என்றே நினைத்தார்கள்.

நகர நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் ஒரு வாசிப்பு வட்டம் நடக்கும். என் ஜெர்மன் கொஞ்சம் சீர்ப்படட்டும் என்று சேர்ந்தேன். நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு பழைய ஆங்கில நாவலின் மொழிபெயர்ப்பை எடுத்தோம். செங்கல் போலத் தடித்த புத்தகம். ஏழைப் பெண் ஒருத்தி சாமர்த்தியத்தாலும் புளுகாலும் லண்டன் பெரிய மனிதர்களின் வீடுகளுக்குள் ஏறிப்போகிற கதை. அவளை இகழ்கிறவர்களும் யோக்கியர்கள் இல்லை என்று எழுதியவர் பக்கத்துக்குப் பக்கம் நக்கலடிக்கிறார். பஸ்ஸில் வாசித்துத் தனியே சிரித்திருக்கிறேன். தன் குடும்பத்தைப் பற்றி அவள் கதை கட்டுகிற இடத்தில் மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரின் மனைவி வந்து சேர்ந்தார். எல்லோருக்கும் அவர் அக்கா. மகள் மருத்துவம் படிக்கிறாள் என்பதைச் சொல்லாமல் எந்தப் பேச்சையும் முடிக்கமாட்டார். அன்று ஆசிரியை, இந்தப் பெண் மேல் உங்களுக்கு இரக்கம் வருகிறதா என்று கேட்டார். இப்படிப்பட்டவளை வீட்டுக்குள் விடவே மாட்டேன் என்று அக்கா ஜெர்மனில் தெளிவாகச் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து, “எங்கட ஆக்களிலையும் இருக்கினம், தங்கச்சி. இல்லாததை இருக்கெண்டு காட்டுறவை” என்றார்.

“ஓம் அக்கா” என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துப்புரவு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓர் அறைக்குள் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் அக்கா. பித்தப்பையில் கல் என்று வெட்டியிருந்தார்கள். என் நீலச் சட்டையைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார். திரும்பிப் போய்விட நினைத்தேன். ஆனால் அறையை அப்படியே விட ஏலாது. தரையைத் துடைக்கத் தொடங்கினேன். கட்டிலுக்குக் கீழே குனிந்தபோது காது சுட்டது.

“எத்தினை வருசமா?” என்று கேட்டார்.

“பதினொரு வருசம், அக்கா.”

அவர் வேறெதுவும் சொல்வதற்குள் கதவு திறந்தது. அவருடைய மகள் வெள்ளைக் கோட்டுடன் வந்தாள். டொக்டர் கோட் என்றுதான் முதலில் நினைத்தேன். கையில் கோதுமை மா படிந்திருந்தது.

“அன்ரி, கேக் எடுங்கோ. நான் செய்தது” என்று ஒரு பெட்டியை நீட்டினாள். “மெடிசின் படிப்பை விட்டுட்டன். இப்ப பேக்கரியிலை வேலை பழகிறன்.” அவள் முகத்தில் வெட்கம் கொஞ்சமும் இல்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் தண்ணீர் எடுக்க வெளியே போனதும் அக்கா மெல்லிய குரலில், “இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும், தங்கச்சி. உம்மடையை நானும் சொல்லமாட்டன்” என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் அந்த நிம்மதிதான் என்னை வெட்கப்படுத்தியது. அந்தப் பிள்ளை தானாகச் சொன்னதை மறைக்க நாங்கள் இரண்டு பெரியவர்கள் பேரம் பேசியிருந்தோம்.

நாவலின் கடைசி அத்தியாயங்களைப் பேசிய நாளில் அக்காவும் வந்திருந்தார். இவள் ஏன் பொய் சொல்கிறாள் என்று ஆசிரியை கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நான் ஆஸ்பத்திரியில் துப்புரவு செய்கிறேன், எங்கள் ஆட்கள் என்னை நேர்ஸ் என்று நினைக்கிறார்கள், நான் திருத்தவில்லை, ஒருமுறை விட்டால் பிறகு திருத்துவது கஷ்டம். எதிரே இருந்த முதியவர், தன் தாயும் துப்புரவு வேலைதான் செய்தார் என்றுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

வெளியே படியில் அக்கா என்னை நிறுத்தினார்.

“ஏன் சொன்னனீர்? எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்சா இனி என்ரையையும் கிண்டுவினம்.”

“உங்கடையை நான் சொல்லேல்லை, அக்கா. சொல்லவும் மாட்டன்.”

படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “சொன்ன பிறகு எப்பிடி இருக்கு?”

“பயமா இருக்கு.”

தலையாட்டினார். வெட்டின இடம் இன்னும் இழுத்ததால் மெதுவாகவே இறங்கினார். நானும் கூடவே இறங்கினேன். மகளைப் பற்றி ஊருக்குச் சொல்ல அவருக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடமும் நான் வாய் திறக்கவில்லை. அது நல்ல குணமா, பழைய பழக்கமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.