யாரைப் பார்த்துக் கேட்கிறார் டாக்டர்

நுஹாத்துக்கு மூக்கின் மேல் கோபம். பெய்ரூத்தின் நபா பகுதியில், ஒரு சின்ன டிஸ்பென்சரியில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். மருந்துச் சீட்டைக் கசக்கிக்கொண்டு வருபவர்களைத் திட்டுவாள், ஊசிக்குப் பயப்படும் கொத்தனார்களைத் திட்டுவாள். திட்டிக்கொண்டே ஒவ்வொரு மாத்திரை அட்டையிலும் வேளையைப் பெரிதாக எழுதிக் கொடுப்பாள். ரமலான் வந்தால், யாரும் கேட்காமலே வேளைகளை நோன்புக்குத் தகுந்தபடி மாற்றி எழுதுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவளால் சகிக்கவே முடியாத ஆள் சோலாஞ் மேடம். தன் வீட்டில் வேலை பார்க்கும் எத்தியோப்பியப் பெண் வூபித்தைச் சர்க்கரை நோய்க்காக மாதாமாதம் கூட்டி வருவாள். நோயாளி நிற்பாள், மேடம் உட்கார்ந்து பதில் சொல்வாள். டாக்டர் நஸீபும் மேடத்தைப் பார்த்தே கேட்பார்.

"மாத்திரை ஒழுங்கா போடுறாளா?"

"போடுறா டாக்டர்."

"சாப்பாடு?"

"எங்க வீட்ல யாரையும் பட்டினி போடுறதில்ல."

வீட்டுவேலைப் பெண்களுக்கெல்லாம் இந்த ஊரில் வைத்தியம் இப்படித்தான் நடக்கிறது. வூபித் நான்கு வருடமாக அரபி பேசுகிறாள். இருந்தும் அவளுக்கு வாயில்லை என்று இவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த மார்ச் மாதம் வரிசையில் நின்ற இடத்திலேயே வூபித் வியர்த்துக் கொட்டிச் சரிந்தாள். மூன்று வாரத்தில் இரண்டாவது தடவை. நுஹாத் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை பாதாளத்தில் இருந்தது. நல்லவேளை, நினைவு தப்பவில்லை. சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

"ஏம்மா, கடைசியா எப்போ சாப்பிட்டே?"

"நேத்து மதியம் மூணு மணிக்குக்கா. ஈஸ்டர் வரைக்கும் விரதம். ஒரு வேளைதான்."

"மாத்திரை?"

"தினம் மூணுன்னு எழுதினீங்க. வெறும் வயித்துல போடக்கூடாதுன்னும் சொன்னீங்க. அதான் சாப்பிட்டதும் மூணையும் சேர்த்துப் போட்டுக்கறேன்."

நுஹாத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் தன் மேல்தான். ஊருக்கெல்லாம் நோன்பு பார்த்து எழுதியவள், நெற்றியில் சிலுவையைப் பச்சை குத்திய இந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. அதற்குள் மேடம் டாக்டரின் அறைக்குள் முந்திக்கொண்டிருந்தாள். "இஷ்டத்துக்கு முழுங்கியிருப்பா டாக்டர். இதுங்க புத்தி அவ்வளவுதான்." சொன்னபடி மருந்து எடுப்பதில்லை என்று டாக்டர் எழுத ஆரம்பித்திருந்தார்.

நுஹாத் வூபித்தைத் தாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"சொன்னபடிதான் எடுத்தா டாக்டர், எழுத்துக்கு எழுத்து. அதனாலதான் சாகக் கிடந்தா!" விரதத்தையும் மூன்று மாத்திரையையும் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். "இன்னொரு தடவை விழுந்தா பிழைக்க மாட்டா. இன்னைக்கே மாத்தி எழுதுங்க."

டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. நல்ல மனிதர்தான், அதுதான் இன்னும் எரிச்சல். பேனாவை எடுத்தவர், பழக்கதோஷத்தில் மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"இவளுக்கு இன்னும் எத்தனை நாள் விரதம்?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் மேடம்.

"நாலு வருஷத்துல இந்த வாயில வந்த முதல் உண்மை இதுதான்" என்ற நுஹாத், டாக்டர் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியின் முதுகைப் பிடித்து, அவரோடு சேர்த்து வூபித்தின் பக்கம் ஒரே திருப்பாகத் திருப்பினாள்.

"இப்ப கேளுங்க."