ரோஸ்கனி ஓட்டிய இருபத்திரண்டு பந்தயங்கள்

ரோஸ்லின் அக்காவோடு பிரேக் டிஸ்க் லைனில் வேலை செய்த அக்காக்களுக்கு,

முப்பதாம் நாள் ஜெபத்துக்காக ஒரு நோட்டு சேர்க்கிறோம், நீயும் எழுது என்றீர்கள். எழுதுகிறேன். ஆனால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதை நோட்டில் ஒட்டாதீர்கள். நீங்கள் மட்டும் படியுங்கள். வேறு யாரிடமும் காட்ட வேண்டாம். எங்கள் வீட்டுக்குத் தெரிந்தால் என் படிப்பு நின்றுவிடும்.

அன்று காலை தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்பில் நான் ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். மறைமலைநகர் போகும் உங்கள் கம்பெனி பஸ்தான் முதலில் வரும். நான்கு நாளாகக் காய்ச்சல் என்று அக்கா அதில் வரவில்லை. அன்று உங்களில் ஒருவர் இறங்கி வந்து, "நீதான கனி? ரோசு போய்ட்டாம்மா. விடிய காலைல, ஆஸ்பத்திரில" என்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். நீங்கள் ஏறிக்கொண்டீர்கள். பின்னாலேயே என் பஸ் வந்தது. நானும் ஏறினேன். முதல் பீரியடில் வேதியியல் டெஸ்ட் எழுதினேன்.

அதே ஸ்டாப்பில்தான் அக்கா எனக்குப் பழக்கமானார். நான் அம்மாவின் போனில் கார் ரேஸ் விளையாடிக்கொண்டிருந்தேன். தோளுக்குப் பின்னால் ஒரு குரல். "இன்னாடி, வளைவுக்குள்ள பூந்த அப்பால பிரேக் புடிக்கிற? முன்னாடியே புடி. வளையும்போது கைய வுட்டுடு." யூனிபார்மில் கழுத்து அட்டையோடு நின்றிருந்தார். "உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமாக்கா?" என்றேன். "எனக்கு ஸ்கூட்டியே தகராறு. ஆனா தெனம் பிரேக்க தடவிப் பாக்கிறவ நான்" என்றார்.

பழைய கேம் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தார். கூட விளையாட ஆளில்லை. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஏரிக்கரை வழியாகச் சுற்றி, அவர் வீட்டின் பின்வாசலுக்குப் போவேன். தெரு வழியாகப் போக முடியாது. "அந்தக் காலனிப் பக்கம் உன் கால் பட்டுச்சின்னா ஸ்கூலு கட்டு" என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். இரண்டு வருடம் பின்வாசலிலேயே போய்வந்தேன். ஏன் என்று அக்கா ஒருநாளும் கேட்கவில்லை. தாழ்ப்பாளை மட்டும் எடுத்து வைத்திருப்பார்.

ஒரு சீசன் முழுக்க ஓட்டி முடிப்பது என்று ஆரம்பித்தோம். இருபத்திரண்டு பந்தயம். டிரைவர் பெயர் கேட்டதற்கு இரண்டு பேரையும் சேர்த்து ரோஸ்கனி என்று போட்டோம். பந்தயத்துக்கு முந்தைய தகுதிச் சுற்றில் வேகமாக ஓட்டிக் காரை முன்வரிசையில் நிறுத்துவது என் வேலை. பந்தயத்தை அக்கா ஓட்டுவார். அப்போது டயர் தேய்வதைப் பார்த்து எப்போது மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும்.

ஒன்பதாவது பந்தயத்தில் மழை. நான் அவசரப்பட்டு, "இப்ப உள்ள வாங்கக்கா" என்று கத்திவிட்டேன். டயர் மாற்றி வெளியே வந்த அடுத்த சுற்றிலேயே மழை விட்டது. கடைசிக்குப் போய்விட்டோம். அழுதேன். முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், பட்டனைத் தட்டினால் போதும் என்று கெஞ்சினேன்.

"நான் ஒரு கிராக்கு டிஸ்க்க பாக்காம வுட்டுட்டா, அது வண்டில மாட்டினு எங்கியோ ஓடிகினு கீதுடி. வான்னா வருமா? கெடுத்தத வெச்சிகினே ஓட்டு."

ஓட்டினார். ஒன்பதாவதாக வந்தார். இரண்டு புள்ளி கிடைத்தது. "டீக்கு ரெண்டு பிஸ்கெட்டு மாதிரி" என்று சிரித்தார்.

ஒருமுறை என்னை ஸ்கூட்டியில் மாமல்லபுரம் கூட்டிப்போனார். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வளைவிலும் வேகம் ஏறவில்லை. பால் கேன் கட்டிய சைக்கிள் ஒன்று எங்களை முந்தியது. "அக்கா, ரோஸ்கனி மானம் போவுது" என்றேன். "அது டிவி, இது ரோடு. மூடினு உக்காரு" என்றார். கடற்கரையில் மீன் வறுவல் தின்னும்போது, "கடைசி ரேஸ நீதான் ஓட்ற. நான் டயரு பாக்கறேன்" என்றார். நான் மாட்டேன் என்றேன்.

அக்கா போன அன்று மாலை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எங்கள் ஸ்கூல் பஸ்ஸை ஓட்டுவது என் சித்தப்பா. காலனி முனையில் கூட்டத்துக்காகப் பஸ்ஸை நிறுத்தினார். ஷாமியானாவும் கண்ணாடிப் பெட்டியும் தெரிந்தன. இருபது அடி இருக்கும். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. பஸ் நகரும்வரை நிமிரவில்லை.

போன சனிக்கிழமை ஏரிக்கரை வழியாகப் போனேன். தாழ்ப்பாள் எடுத்தே இருந்தது. அக்காவின் அம்மா என்னைப் பார்த்து அழவில்லை. டிவிக்கு முன்னால் பாய் போட்டார். "ஒரு ரேஸு பாக்கி கீதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிகினே இருந்தா. முடிச்சிட்டுப் போம்மா" என்றார்.

முதல் வளைவில் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்தேன். கார் சுழன்று நின்றது. எல்லாரும் போய்விட்டார்கள். ஆட்டத்தை நிறுத்தும் பட்டனுக்கு விரல் தானாகப் போனது. 'மறுபடி தொடங்கு' என்ற வரி மின்னியது. அந்த அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. வரியை மூடிவிட்டு அப்படியே ஓட்டினேன். டயர் எப்போது தேய்கிறது என்று சொல்ல ஆளில்லை. ஆறாவதாக வந்தேன்.

சீசன் எங்களுக்குத்தான். ஒரு புள்ளி வித்தியாசம். அந்த மழையில் அவர் எடுத்த இரண்டு புள்ளி இல்லையென்றால் இல்லை. திரையில் ரோஸ்கனி என்று பெயர் வந்து, காகிதப் பூ கொட்டியது. "இதுல எங்கம்மா ரோசு?" என்று அந்த அம்மா கேட்டார். எழுந்து போய் முதல் இரண்டு எழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவரும் வந்து தொட்டுப் பார்த்தார்.

திரும்பும்போது ஏரிக்கரையில் அண்ணனின் கூட்டாளி ஒருவன் பார்த்துவிட்டான். இன்று சாயங்காலம் அண்ணன், "சனிக்கெழம எங்கடி போன?" என்றான். ஸ்பெஷல் கிளாஸ் என்றேன். அவன் சிரித்தபடி அப்பாவிடம் போனான்.

கேம் கைப்பிடியின் இடது குமிழுக்குப் போட்டிருந்த ரப்பர் மூடி, அக்காவின் கட்டைவிரல் பட்டு ஒரு பக்கம் தேய்ந்தது, இப்போது என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுவும், கெடுத்ததை வைத்துக்கொண்டே ஓட்டு என்ற பேச்சும்தான். அன்று நான் குனிந்ததை இனி மாற்ற முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வருவேன். ஏரிக்கரை வழியாக இல்லை. தெரு வழியாக நடந்து முன்வாசலில்—

என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள். அப்பா