ஒளித்து வைத்த ரோசின்

அபுதாபி முசஃபா லேபர் கேம்ப்பில் எங்கள் ஸ்காட்லாந்து சூப்பர்வைசரோடு நானும் ரூம்மேட் செல்வனும் லீவு நாட்களில் வயலின் வாசிப்போம். அவர் செல்வனையே பாராட்டினார். பொறாமையில் போவதை நிறுத்தினேன்.

பிறகு அவர் கட்டிய புது மெட்டொன்றைச் செல்வன் ரூமில் வாசிக்க வாசிக்க, வெயிலில் கிடந்த தகரமாய்க் கொதித்தேன். வில்லுக்குத் தடவும் ரோசினை ஒளித்தேன். வில் வழுக்கியது.

"அண்ணே, ரோசினப் பாத்தியளா?"

"மாஃபி," இல்லையென்று அரபியில் கைவிரித்தேன்.

செல்வன் சோர்ந்துபோனான். "அவுக ஊர்ல பிடிச்ச ஆளு பேர்ல மெட்டு கட்டுவாகளாம். இது உங்க பேர்லண்ணே. நீங்க வராததால, வாசிச்சுக் காட்டச் சொல்லி எனக்குக் கத்துத்தந்தாரு."

தலையணைக்கடியிலிருந்து ரோசினை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கி வில்லில் தடவினான்.

என் பெயருள்ள மெட்டை இன்றும் அவன்தான் என்னைவிட நன்றாக வாசிக்கிறான். பொறாமை போகவில்லை, ரோசினை மட்டும் நானே எடுத்துக் கொடுக்கிறேன்.