நீலப் பெயின்ட் அடித்த பேஸ் கிட்டார்

சாந்தோம் குப்பத்தில் எஸ்தரைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் என்ன வாசிக்கிறாள் என்று தெரிந்தவர்களும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாண மேடைகளில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். அக்கம்பக்கத்தார் இன்னமும், "கிட்டாருக்கு ஆறு கம்பி இல்ல? உன்னுதுல நாலுதான் கீது. மீதி ரெண்ட இன்னா பண்ண?" என்று கேட்பார்கள். எஸ்தரும் சளைக்காமல், "எங்கம்மா மீன் கூடை கட்ட எடுத்துக்கிச்சு" என்பாள்.

பேஸ் கிட்டாரின் தலையெழுத்து அப்படி. அது வாசிக்கும்போது யார் காதிலும் தனியாக விழாது. நிறுத்திவிட்டால் பாட்டு சப்பென்று ஆகிவிடும், ஏன் என்று மட்டும் யாருக்கும் விளங்காது. மாதா கோயில் பாடகர் குழுவில் ஆள் இல்லாமல் மூலையில் கிடந்த அந்த வாத்தியத்தைப் பதினேழு வயதில் எடுத்தவள், அதற்கப்புறம் கீழே வைக்கவே இல்லை. வெங்கடேஷின் மெல்லிசைக் குழுவில் அவளுக்கு ஒரு இடம் இருந்தது. அதுதான் அவளுடைய சோறு, அவளுடைய கௌரவம், எல்லாமே.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. செவ்வாய்க்கிழமை ஒத்திகை முடிந்து ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது தோளில் இருந்த பை நழுவி, பிளாட்பாரக் கல்லில் மோதியது. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், கிட்டாரின் கழுத்து தலைமாட்டில் ஒடிந்து, தலை கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. எஸ்தர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வடபழனியில் கல்யாண வரவேற்பு.

வெங்கடேஷுக்கு போன் போட்டாள். "பரவால்லக்கா, ரெஸ்ட் எடு. ராகேஷ் கீபோர்டுல இடது கையாலயே பேஸ் போட்டுடுவான். அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். அந்தப் "பாத்துக்கலாம்" எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரியும். டிரம்ஸ் வாசித்தவருக்கு டைபாய்டு வந்து இரண்டு கச்சேரிக்கு வராதபோதும் இப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள். அவர் இடத்தில் ஒரு மின்சார ரிதம் பேட் வந்து உட்கார்ந்தது, இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமை வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம் கொடுத்துவிட்டு, வேறு கழுத்து கிடைக்குமா என்று தி.நகரில் ஆரம்பித்து கடை கடையாக ஏறி இறங்கினாள். ஆர்டர் போட்டால் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். காலெல்லாம் வலிக்க, சாயங்காலம் திரும்பி வந்தவளுக்கு வாசலிலேயே ஆச்சரியம் காத்திருந்தது. கிட்டார் முழுசாக நின்றுகொண்டிருந்தது. ஒடிந்த இடம் மட்டும் பளிச்சென்று நீலம்.

பச்சையம்மாவின் புருஷன் பக்கிரியின் வேலை அது. குப்பத்தில் எந்த ஃபைபர் போட்டில் விரிசல் விட்டாலும் ரெசின் பசை ஊற்றி, ஃபைபர் துணி ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கடலில் இறக்குவது அவர்தான். அன்று கையில் இருந்த ஒரு போட்டை அப்படியே போட்டுவிட்டு, நாள் முழுக்க இதோடு உட்கார்ந்திருக்கிறார்.

"நேத்து நீ அழுதுகினு இருந்தத இவ சொன்னா. மனசு கேக்கல. எடுத்துப் பாரு, போட்டு மேல போட்டு மோதினாலும் இனிமே இது பிரியாது" என்றார்.

எஸ்தர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சந்தோஷம், கம்பிகளைக் கட்டி முறுக்கும்வரைதான். கழுத்து முன்பக்கமாக வளைந்தது. கம்பிகள் விரல் நுழையும் உயரத்தில் நின்றன. அமுக்கி வாசிக்கவே முடியவில்லை. அந்தக் கழுத்துக்குள் ராடு என்கிற இரும்புக் கம்பி ஒன்று ஓடுகிறது. தலைமாட்டில் உள்ள சின்னத் துவாரம் வழியாகச் சாவி விட்டு, அதன் நட்டைத் திருகித்தான் வளைவை எடுக்க வேண்டும். துவாரம் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ஓட்டை என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் பக்கிரியின் கைக்கு அதை மூடாமல் விடத் தெரியாது.

வியாழக்கிழமை காலை, கச்சேரி ரோட்டுச் சந்தில் கிட்டார் பழுது பார்க்கும் அன்வர் பாஷாவிடம் கொண்டுபோனாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஒட்டு பிரமாதம்மா. நானே இப்படிப் போட்டிருக்க மாட்டேன். ஆனா வாசக்கதவையும் சேத்து வச்சுச் சுவரு கட்டிட்டாரே!"

"தொளை போட முடியாதா பாய்?"

"போடலாம். உள்ள ரெசின் எறங்கி நட்டைப் புடிச்சிருந்தா, திருகும்போது ராடே அறுந்துடும். அப்புறம் கழுத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எவ்ளோ ஆழம் எறங்கிருக்குன்னு செஞ்சவருக்குத்தாம்மா தெரியும். கூட்டிக்கினு வாங்க."

எஸ்தருக்கு அதைவிட வேறு தண்டனை வேண்டாம். தன் பிழைப்பை விட்டுவிட்டு உதவிய மனுஷனிடம், நீ கெடுத்துவிட்டாய் என்று எந்த வாயால் சொல்வது? கடை வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள். அப்புறம் வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

பக்கிரி ரெசின் கறை படிந்த லுங்கியோடு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிப்போயிற்று. "அத மூடக் கூடாதா? தண்ணி பூந்துடுமேன்னு மூடிட்டேம்மா" என்றார். மேடையில் ஏது தண்ணீர் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெசின் உள்ள எவ்ளோ தூரம் போயிருக்கும் அண்ணே?" என்று அன்வர் பாஷா மெதுவாகக் கேட்டார்.

"உள்ளயா? உள்ள ஏன் போவுது? அங்க ஒரு நட்டு இருந்துச்சு. போட்டுல நட்டு மேல நேரா ரெசின் ஊத்த மாட்டோம் பாய். ஊத்தினா ஜென்மத்துக்கும் கழட்ட முடியாது. கிரீஸு தடவி துணிய அமுக்கிட்டு, அதுக்கு மேலதான் மூடினேன். ஒரு நெல்லு கனம்தான் இருக்கும்."

அன்வர் பாஷா எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு மெல்லிய துரப்பணத்தை வைத்தார். நீலப் பொடி உதிர்ந்தது. இடுக்கியை விட்டு இழுத்ததும், பச்சையம்மாவின் பழைய புடவைத் துண்டு ஒன்று கிரீஸ் வழிய வெளியே வந்தது. சாவியை உள்ளே விட்டுத் திருகினார். நட்டு வெண்ணெய் மாதிரி திரும்பியது. கழுத்து நேரானது. எஸ்தர் அடிக் கம்பியை ஒரு தட்டுத் தட்டினாள். கிட்டாரின் உடம்பைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கிரி சட்டென்று கையை எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை எஸ்தர் மேடையில் இருந்தாள். தலைமாட்டில் வெள்ளை எழுத்தில் அவள் பெயர் இருந்தது. பெயர் எழுதாத போட்டைத் தண்ணீரில் தள்ளுவதில்லை என்று சொல்லி, காலையில் பக்கிரி எழுதிக் கொடுத்தது. நீலத்தைப் பார்த்து வெங்கடேஷ் கண்ணை அகல விரித்தான். முதல் பாட்டு முடிந்ததும், "அக்கா, அடுத்த மாசம் மூணு தேதி இருக்கு, குறிச்சுக்க" என்றான். அவளுக்கு அது போதும்.

மண்டபத்தில் இரண்டாவது வரிசையில் பக்கிரி உட்கார்ந்திருந்தார். வழியில் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று மடியில் ரெசின் டப்பாவோடு, கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்திருந்தார். கச்சேரி முடிந்து எஸ்தர் இறங்கி வந்ததும் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"இங்க 'தும் தும்'னு இடிச்சுகினே இருந்துச்சே, அதானே உன்னுது? நேத்து கையில இடிச்ச அதே சத்தம்."

இருபத்திரண்டு வருஷத்தில் குப்பத்திலிருந்து அதைக் கேட்டுச் சொன்ன முதல் ஆள். "ஆமாண்ணே, அதான்" என்றாள் எஸ்தர். நன்றி சொல்ல நினைத்து வாயைத் திறந்தவளுக்கு அழுகைதான் வந்தது. பக்கிரி பதறிப்போய்க் கிட்டாரின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.