சாந்தமேரி அக்கா குளித்துப் பார்த்த மூன்று ஹீட்டர்கள்

கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் வீட்டுக் குளியலறை ஹீட்டர் செத்துப்போன அன்று, சாந்தமேரி அக்கா தலை நிறைய சோப்பு நுரையோடு, சாரோங்கை நெஞ்சு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, "அருளாயி, என் கிறிஸ்மஸ் போச்சுடி" என்றார். அது 1988, நவம்பர் கடைசி.

ஹீட்டருக்கும் கிறிஸ்மஸுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரிய, முதலில் அக்காவைத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா என் கணவர் லியனார்டுக்கு மூத்தவர். அப்பா ரயில்வே கேட் காப்பாளர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, கான்வென்டில் தரை துடைக்கப் போன இடத்தில் ஒரு கன்னியாஸ்திரியிடம் ஆர்மோனியம் கற்றுக்கொண்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்டு வந்த இரண்டு பேரில் ஒருவர் சுருதி சேராமல் பாடினாராம், இன்னொருவர் பாட்டே பிடிக்காது என்றாராம். "அப்புறம் என்னத்த பேசுறது?" என்பார்.

நாற்பத்தெட்டு வயதில் அவருக்குத் துறைமுகத்துப் பக்கம் இறால் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் வேலை. காலை முதல் மாலை வரை ஐஸில் கை. வீட்டுக்கு வரும்போது பத்து விரலும் மரக்கரண்டி மாதிரி விறைத்திருக்கும். பஸ்ஸில் சில்லறையை எடுக்க முடியாமல் கைப்பையையே கண்டக்டரிடம் நீட்டிவிடுவார். ஷவரில் சுடுதண்ணீரை ஓடவிட்டுக் கையைக் காட்டினால்தான் விரல் மடங்கும். அடுப்பில் சுடவைத்த வாளித் தண்ணீரெல்லாம் சரிப்படாது. முதல் நிமிடம் கை வேகும், ஐந்தாம் நிமிடம் ஆறிப்போகும். ஓடுகிற சூடு வேண்டும். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை அதே விரல்களால்தான் கோயிலில் ஆர்கன் வாசிக்க வேண்டும்.

அந்த மாதம் முதல் தேதி, சகல புனிதர் திருநாள் பூசையில் அக்காவின் விரல் மூன்று இடத்தில் தடுக்கியது. ஹீட்டர் அப்போதே வெதுவெதுப்புக்கு மேல் ஏறாமல் இழுத்துக்கொண்டிருந்தது. பாடகர் குழுத் தலைவர் கொர்னேலியஸ், போஸ்ட் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், பினாங்கிலிருந்து ஒரு கேசட் வாங்கி வந்தார். எல்லாப் பாட்டுக்கும் இசை மட்டும் அதில் இருந்தது.

"மேரி, கிறிஸ்மஸ் காலைப் பூசைக்குப் புதுப் பாட்டு ஒன்னு. நடுவுல விரல் ஓடுற இடம் இருக்கு. அதுல தடுக்குச்சுன்னா புது வருஷத்துலேருந்து கேசட்தான். கோவிச்சுக்காத லா" என்று எங்கள் ஊர் 'லா'வைப் போட்டு முடித்தார்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. அன்றிரவு சாப்பிடவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் ஹீட்டர் மொத்தமாகச் செத்தது.

கிள்ளானில் மின்சாமான் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் மூன்று ஹீட்டர் மாட்டியிருந்தார்கள். கடை முதலாளியான சீனத் தவுக்கே ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டி, "இது நல்லா இருக்கு. அது ரொம்ப நல்லா இருக்கு. இது நம்பர் ஒன்" என்றார்.

"பாஸ், இதுல நீங்க குளிச்சிருக்கீங்களா?"

தவுக்கே சிரித்தார். "நான் வீட்டுல வாளி லா."

"செருப்பு வாங்குனாகூட போட்டுப் பாக்குறோம். இத குளிக்காம எப்படி வாங்குறது?" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே வந்துவிட்டார். நான் தவுக்கேயைப் பார்த்து மன்னிப்பு மாதிரி ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

அந்த மூன்று ஹீட்டரும் யார் யார் வீட்டில் இருக்கின்றன என்று விசாரித்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா குளிக்கக் கிளம்பினார். பையில் துண்டு, சோப்பு டப்பா, மாற்றுத் துணி. என் மடியில் தொழிற்சாலையிலிருந்து எடுத்து வந்த வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் விரல் தானாகவே இளகியிருக்குமே, மறுபடி விறைக்க வைத்தால்தானே சோதிக்க முடியும்! பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "பெட்டியில மீன் இருக்கா மா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா, "இல்ல அண்ணே, குளிக்கப் போறோம்" என்றார். அவர் எழுந்து பின் இருக்கைக்குப் போய்விட்டார்.

சோதனை இப்படித்தான். போன வீட்டு ஹாலில் உட்கார்ந்து, அவர்கள் தருகிற தேநீரைக் குடிக்காமல், கையை ஐஸில் பத்து நிமிடம் புதைப்பார். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். நான் லியனார்டின் கைக்கடிகாரத்தோடு வெளியே நிற்பேன். உள்ளே ஒரு வாளியைக் கவிழ்த்துவைத்து, அதன்மேல் அந்தப் பாட்டின் ஓடுகிற இடத்தை விரலால் அடித்துப் பார்ப்பார். தடுக்காமல் ஒரு முறை முழுதாக அடித்து முடித்ததும், "எத்தன?" என்று கத்துவார். நான் நிமிடத்தைச் சொல்வேன்.

முதல் வீடு கிள்ளானில். பதினொரு நிமிடம். "இதுக்கு வெயில்ல நிக்கலாம்" என்றார் அக்கா.

இரண்டாவது, ஜெஞ்சாரோமில் அவரோடு வேலை செய்யும் இராஜம்மாவின் வீடு. அங்கே தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது. ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்ததாம். ஒன்பது நிமிடம். அக்கா உடுத்திக்கொண்டு வந்தபிறகு இராஜம்மாவின் மகள் தோட்டத்திலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்து, ஷவர் கைப்பிடியைக் கொக்கியிலிருந்து எடுத்து, பாதத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் கழுவினாள். கதவு திறந்திருந்தது. கைப்பிடி கீழே போனதும் ஹீட்டர் பெட்டிக்குள் 'டக்' என்றது, விளக்கு அணையாமல் நின்று எரிந்தது. மேலே மாட்டினாள், அணைந்தது. நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் பேசும் இடத்தில் வாய் திறக்கும் பழக்கமும் இல்லை.

மூன்றாவது அம்பாங், குவார்ட்டர்ஸ் நாளிலிருந்தே அக்காவுக்குத் தெரிந்த கேத்தரின் ஆன்டியின் மாடி வீடு. நாங்கள் போனபோது ஆன்டியின் ஜெபக்குழுப் பெண்கள் ஆறு பேர் ஹாலில் இருந்தார்கள். அக்கா ஐஸில் கைவைத்ததைப் பார்த்து அவர்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டார்கள். கீழ்த்தளத்துக் குளியலறையில் தண்ணீர் சாட்டையடி மாதிரி கொட்டும் சத்தம் வெளியே கேட்டது. நாலே நிமிடம்! வாளி மேளம் மாதிரி அதிர்ந்தது. ஆறு பேரும் கதவுக்கு வெளியே நின்று கைதட்ட ஆரம்பித்தார்கள். கேத்தரின் ஆன்டி கதவைத் தட்டி, "மேரி, அடுத்த சரணம்!" என்றார். உள்ளிருந்து அடுத்த சரணமும் வந்தது. நான் சிரித்துச் சிரித்து ஐஸ் பெட்டியைக் காலில் போட்டுக்கொண்டேன்.

அம்பாங் ஹீட்டரையே வாங்கினோம். டிசம்பர் இருபத்துநாலாம் தேதிதான் வயர்மேன் பக்கிரிசாமிக்கு நேரம் கிடைத்தது. பழையதைக் கழற்றி, புது வயர் இழுத்து, புதுப் பெட்டியை மாட்டி முடிக்க மத்தியானம் ஆனது. அக்கா அரைநாள் வேலையை முடித்து, விறைத்த கையோடு நேராகக் குளியலறை வாசலுக்கு வந்து நின்றார். பக்கிரிசாமி குழாயைத் திறந்தார்.

தண்ணீர் வந்தது. விளக்கு எரியவில்லை.

மூடித் திறந்தார். எரியவில்லை. பெட்டியைத் தட்டினார். லியனார்டும் தட்டினார்.

"ஹீட்டர் மேல கொற இல்ல அண்ணே," என்றார் பக்கிரிசாமி. "தண்ணி வேகமா வந்தாதான் உள்ள சுவிட்ச் தட்டும். சேஃப்டி லா. மாடி வீட்டுல டேங்க் உசரத்துல இருக்கு. உங்க வீட்டுல டேங்க், ஷவர் தலைக்கு ரெண்டு அடி மேலதான். பம்ப் வெச்சா சரியாப் போயிடும். ஆனா பம்ப் புது வருஷத்துக்கு அப்புறம்தான் கெடைக்கும்."

"டேங்குக்கு அடியில செங்கல் வெச்சுத் தூக்குவோமா?" என்றார் லியனார்ட்.

"கூர ஓட்டப் பிரிச்சுத்தான் தூக்கணும். நாளைக்கு டேங்கும் நீங்களும் வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கலாம்."

அந்த நேரம் பார்த்து கொர்னேலியஸ் வந்தார், மறுநாள் காலைப் பூசை எட்டு மணிக்கு என்று நினைவூட்ட. சட்டைப் பையில் கேசட் துருத்திக்கொண்டிருந்தது. எரியாத ஹீட்டரைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்தது. அக்கா சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, மடியில் கிடந்த கைகளை வேறு யாருடையதோ மாதிரி பார்த்தார்.

"கேசட்டையே போட்டுருங்க அண்ணே," என்றார் மெதுவாக.

எனக்கு அது தாங்கவில்லை. ஜெஞ்சாரோம் பெண்ணின் சேற்றுக்கால் கண்முன்னே வந்தது. மூன்று ஆண்கள் நடுவில் எப்படிப் போனேன் என்று தெரியாது. குளியலறைக்குள் போய், ஷவர் கைப்பிடியைக் கொக்கியிலிருந்து எடுத்து, குந்தி, தரைக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

டக்.

"எரியுது! அக்கா, எரியுது! வாங்க!"

பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் என் வாயிலிருந்து இப்படி ஒரு சத்தத்தை லியனார்ட் கேட்டதில்லை. ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு ஓடிவந்தார். பக்கிரிசாமி கைப்பிடியை வாங்கி மேலே தூக்கினார், அணைந்தது. கீழே இறக்கினார், எரிந்தது. தூக்கினார், இறக்கினார். சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி.

"கீழ பிடிச்சா தண்ணி வேகமா எறங்குது! அக்கா, இது எனக்கே தோணல!" என்றார் என்னைப் பார்த்து. நான் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டு அக்கா முக்காலியை உள்ளே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே கைப்பிடி, அதன் முன்னே கைகள். கதவுக்கு வெளியே நாங்கள் நாலு பேர், என் கையில் கடிகாரம். ஐந்தாம் நிமிடம் வாளி பேச ஆரம்பித்தது. முதலில் தடுக்கியது. பிறகு ஓடியது. ஓடி முடித்து, திரும்பவும் முதலிலிருந்து ஓடியது.

"எத்தன?"

"ஆறு, அக்கா!"

கொர்னேலியஸ் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, "நாளைக்கு வாளியையும் கொண்டு வரச் சொல்லு" என்றார்.

பக்கிரிசாமி போவதற்குமுன் கொக்கியைக் கழற்றி முழங்கால் உயரத்தில் அடித்துக் கொடுத்தார். வருகிற விருந்தாளிகள், உங்கள் வீட்டில் யார் அவ்வளவு குள்ளம் என்று கேட்பார்கள்.

கிறிஸ்மஸ் காலை ஆறரை மணிக்கு அக்கா முக்காலியில் உட்கார்ந்தார். ஏழேகால் வரை எழுந்திருக்கவில்லை. எட்டு மணிப் பூசையில் புதுப் பாட்டு தொடங்கி, அந்த ஓடுகிற இடம் வந்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். விரல் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமா, பாடகர் குழுவை விட்டுவிட்டு ஆர்கன் தனியாக ஓடியது. கீழ்க்குரல் பாடும் அல்டோ பெண்கள் இரண்டு வார்த்தைக்கு ஒரு வார்த்தை விழுங்கித் துரத்தினார்கள். கொர்னேலியஸ் இரண்டு கையையும் விரித்து, ஓடும் மாட்டை மறிக்கிற மாதிரி, "மெதுவா, மெதுவா" என்று வாயசைத்தார். ஃபாதர் திருப்பலிப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது.

பூசை முடிந்து, வேர்த்துக் கொட்டிய கொர்னேலியஸ் ஆர்கன் பக்கத்தில் வந்து கேசட்டை எடுத்து நீட்டினார். "இந்தா மேரி, நீயே வெச்சுக்க. இதுக்கு உன் வேகம் வராது."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கைகள் இன்னும் சிவந்திருந்தன.

"அருளாயி, விரல கொஞ்சம் கூடவே சுட வெச்சுட்டேன் போல இருக்கு."