எதிர்வீட்டு போர்டிகோ விளக்கு

காரைக்குடிக்குச் சற்று வெளியே, செக்காலை ரோட்டின் இரைச்சல் எட்டாத தூரத்தில் எங்கள் நகர் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே வீடு கட்டியவர்கள் எல்லோருமே வசதியானவர்கள். பேராசிரியர்கள், பென்ஷன்காரர்கள், பிள்ளைகளைச் சிங்கப்பூரில் வைத்திருந்தவர்கள். வாசலில் கார் நிற்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். கோயிலும் சர்ச்சும் பள்ளிக்கூடமும் கடைகளும் பத்து நிமிட நடைதான். காலையும் மாலையும் தெரு முழுக்க நடப்பவர்கள். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை நடந்தே தெரிந்துகொள்வோம். எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும் என்பதில் எங்களுக்குக் கர்வமே உண்டு. அந்தக் கர்வத்தை நினைத்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊருக்குப் போகிறவர்கள் எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்து, சாயங்காலம் வாசல் விளக்கைப் போடச் சொல்லிவிட்டுப் போவது எங்கள் தெரு வழக்கம். கானாடுகாத்தான் மாளிகைகளுக்குக் காவல்காரர் உண்டு, எங்களுக்கு எதிர்வீட்டுக்காரர். ஆள் இருக்கும் வீட்டில் சாப்பிட்டதும் விளக்கை அணைத்துவிடுவார்கள். விடியவிடிய எரிந்தால் அங்கே ஆளில்லை என்று தெருவுக்கே தெரியும். திருடனுக்கு மட்டும் தெரியாது என்று நம்பினோம்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் கட்டட கான்ட்ராக்டர். தச்சு வேலையில் தொடங்கி மேலே வந்தவர். தெருவில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. மகளின் பிரசவத்துக்காக அவரும் மனைவியும் திருச்சிக்குப் போனார்கள்.

"ஒரு மாசம் ஆகும் டீச்சர். வெளக்க மட்டும் பாத்துக்கங்க" என்று ஒரு சாவியை என்னிடம் தந்தார்.

சுவிட்ச் போர்டிகோத் தூணிலேயே இருந்ததால் கதவைத் திறக்க வேண்டியதில்லை. நானும் என் கணவரும் தனித்தனியாக நடக்கப் போவோம். முதலில் திரும்புகிறவர் போட்டுவிடுவது என்று ஏற்பாடு.

சில நாட்கள் சரியாகப் போயிற்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த விருந்தாளிகள் முன்னால், மீன்குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று என் கணவர் சொன்னார். கூடித்தான் இருந்தது. அதற்காக ஆட்கள் முன்னால் சொல்வதா? நான் பேச்சை நிறுத்தினேன். அவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் எதிர்வீட்டு கேட்டைத் திறந்தபோது விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. பேச்சு இல்லாவிட்டாலும் கடமையில் குறைவில்லை என்று மனதுக்குள் அவரைக் கிண்டல் செய்தேன். எங்கோ செம்பைத் தரையில் தட்டுவது போல இரண்டு மூன்று முறை சத்தம் கேட்டது. பின்வீட்டில் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று நினைத்து, கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையிலும் விளக்கு எரிந்தது. போட்டவரே அணைக்கட்டும் என்று பள்ளிக்கூடம் போய்விட்டேன். நான் போட்டதாக எண்ணிய என் கணவரும் அதையேதான் நினைத்திருக்கிறார். அன்று முழுக்க எத்தனையோ பேர் அந்த வீட்டைத் தாண்டி நடந்தார்கள். விளக்கு எரிகிறது, டீச்சர் பார்த்துக்கொள்கிறார் என்று நிம்மதியாகப் போனார்கள்.

புதன்கிழமை காலை பால்காரம்மா என் வாசலில் வந்து நின்றார். "கான்ட்ராக்டரய்யா வந்துட்டாகல்ல டீச்சர்? திங்கக்கெழம மத்தியானம் பஸ்ஸ விட்டு எறங்கி இங்குட்டுத்தான் நடந்து வந்தாக. பால் ஊத்தணுமான்னு இப்பக் கதவத் தட்டுனேன். சத்தத்தையே காணோம்."

சாவியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். குளியலறை வாசலில் அவர் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். உதடு வெடித்திருந்தது. உயிர் இருந்தது. கைக்குப் பக்கத்தில் செம்பு. வேலை நடக்கும் இடத்தைப் பார்க்கத் தனியாக வந்தவர், பொழுது சாய்ந்ததும் விளக்கைத் தானே போட்டுவிட்டு, கால் கழுவப் போய் வழுக்கியிருக்கிறார். போனை எடுக்காதபோதெல்லாம் நடக்கவோ வேலை இடத்துக்கோ போயிருப்பார் என்று திருச்சியில் மனைவி இருந்துவிட்டார்.

"விழுந்த அன்னைக்கே கொண்டு வந்திருந்தா" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

திருச்சியிலிருந்து ஓடிவந்த மனைவி மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் கான்ட்ராக்டர் என்னை அருகே அழைத்தார். "அன்னைக்குச் சாயங்காலம் கேட்டத் தொறந்தது நீங்கதான டீச்சர்? ஒங்க செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். கத்தத் தெம்பில்ல, செம்பத் தட்டுனேன். நின்னீக. அப்பறம் போய்ட்டீக."

நான் அழுதேன்.

"அவகிட்டச் சொல்லல. நீங்களும் சொல்லிறாதீக" என்றார்.

மூன்றாம் நாள் இறந்துபோனார். அதற்குப் பிறகு தெருவில் நடக்கும்போது என் செருப்புச் சத்தத்தைத் தவிர எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. வேறு செருப்பு வாங்கினேன். அதுவும் அதே மாதிரிதான் கேட்டது. கடைசியில் நடக்கப் போவதையே விட்டேன்.

காரியம் முடிந்ததும் அவர் மனைவி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க கதவத் தொறக்கலைன்னா அவுகள உசுரோட பாத்திருக்கவே மாட்டேன் டீச்சர்."

காப்பி போட்டுக் கொடுத்தேன். அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில், கணவரோடு பேசாமல் இருந்ததை மட்டும் சாமியாரிடம் சொன்னேன். செம்புச் சத்தத்தைச் சொல்லவில்லை. அந்த அம்மாள் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். அந்த டிசம்பரில் திருச்சியிலிருந்து எனக்கு ஒரு பட்டுப்புடவை வந்தது. கிறிஸ்துமஸ் பூசைக்கு அதைத்தான் உடுத்திக்கொண்டு போனேன்.